அக்குள் அரிப்பும் கூடவே கட்டின நெறியும்: ஒரு டீச்சரம்மாவோட கேஸ் முழுசா

43 வயசு, ஸ்கூல் டீச்சர், கொங்கு பக்கம். சுகர், பிரஷர் எதுவும் கெடையாது, சின்ன வயசுல வீசிங்கோ கரப்பானோ வந்ததில்ல. ரெண்டு அக்குள்லயும் ஒரு மாசத்துக்கு மேல அரிப்பு, எரிச்சல், தண்ணி கசியுது, வலது பக்கம் மட்டும் உள்ள ஒரு நெறி கட்டி நிக்குது. எங்க கிளினிக்குக்கு வந்தப்போ இதான் நெலம. அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன், பேரு ஊரு அடையாளம் எதுவும் இதுல வராது. இந்த மாதிரி கேஸ் தோல் டாக்டர்ங்ககிட்ட வாராவாரம் வரும், ஆனா இந்த அளவுக்கு எல்லா சிக்கலும் ஒரே ஆள்கிட்ட வரிசையா வந்து நின்னது கம்மி, அதனாலதான் முழுசா எழுதி வைக்கணும்னு தோணுச்சு.

வந்து உக்காந்ததும் தோலப் பத்தி பேசவே இல்ல அவங்க. "டாக்டர், இந்த நெறி கேன்சருங்களா, அத மட்டும் மொதல்ல சொல்லிருங்க, மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்"னு கேட்டாங்க. அவங்க சித்திக்கு மார்புல கேன்சர் வந்து, அது மொதல்ல தெரிஞ்சதே அக்குள் கட்டியாதானாம். அந்த பயத்துல ராத்திரி தூக்கம் இல்ல, தொட்டுத் தொட்டு பாத்து அந்த எடம் இன்னும் வலிக்க ஆரம்பிச்சிருக்கு. இந்த பயத்த நான் சாதாரணமா எடுத்துக்க மாட்டேன், ஏன்னா அதுல நியாயம் இருக்கு, மார்புல இருந்து வர்ற நிணநீர்ல முக்கால்வாசிக்கு மேல அக்குள் நெறிங்களுக்குத்தான் போய் சேருது.

சரி, மொதல்ல கதைய கேட்டேன். கதைய வாரம் வாரமா பிரிச்சு கேட்டாத்தான் இந்த நோய் பிடிபடும், மொத்தமா "எப்போல இருந்துங்க"ன்னு கேட்டா "ரெண்டு மாசமா"ன்னு ஒரே பதில்தான் வரும், அதுல ஒண்ணும் கெடைக்காது.

ஆரம்பம் ஒரு ரோல் ஆன் டியோடரண்ட். புதுசு இல்ல, ஏழெட்டு மாசமா போடறதுதான். வெயில் காலம் வந்ததும் காலைல ஒரு தடவ, மத்தியானம் ஸ்டாஃப் ரூம்ல ஒரு தடவன்னு ரெண்டாச்சு, அதோட ஷேவ் பண்ண கையோட அதே சூட்டுல போடற பழக்கமும் சேந்துக்கிச்சு. ஒரு நாள் அக்குள் நடுவுல, முடி வளர்ற எடத்துல மட்டும், பொடிப்பொடியா சிவந்து அரிச்சிருக்கு. வேர்க்குருன்னு நெனச்சு விட்டுட்டாங்க, ரோல் ஆனையும் நிறுத்தல.

ரெண்டாவது வாரம் மாமியார் மஞ்சளும் வேப்பிலையும் அரச்சு போடச் சொல்லி அது ரெண்டு நாள். அப்பறம் கிருமி இருக்கும்னு ஆன்டிசெப்டிக் லோஷன தண்ணி கலக்காம அப்படியே பஞ்சுல தொட்டு வெச்சிருக்காங்க, அன்னிக்கு ராத்திரிதான் தோல் உரிஞ்சு ரணமாச்சு. மூணாவது வாரம் மெடிக்கல் ஷாப்ல "படைக்கு ஒரு கிரீம் குடுங்க"ன்னு கேட்டு வாங்கின ட்யூப். அத நான் வாங்கி பாத்தேன், வீரியமான ஸ்டீராய்டு குளோபெட்டசால், கூட பூஞ்சைக்கு ஒரு மருந்து, கூட நியோமைசின்னு ஒரு ஆன்டிபயாட்டிக், மூணும் ஒரே ட்யூப்ல. போட்ட ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுருச்சு, சந்தோஷப்பட்டு நிறுத்தினா மூணாம் நாள் முன்ன விட பெருசா வந்துச்சு, மறுபடி போட்டா அடங்குது, நிறுத்தினா பொங்குது, இப்படியே மூணு ட்யூப் காலி. இந்த நேரத்துல சிவப்பு அக்குள விட்டு எறங்கி விலாப்பக்கமும் கையோட உள்பக்கமும் பரவ ஆரம்பிச்சிருச்சு. நெறி கட்டினதும் அப்பதான்.

நடுவுல ஒரு லேப்ல "அலர்ஜி பேனல்"னு ஒரு ரத்த டெஸ்ட் வேற எடுத்திருக்காங்க, அதுக்கு ஆயிரக்கணக்குல செலவு, ரிசல்ட்ல தூசிக்கும் கரப்பான்பூச்சிக்கும் லேசா பாசிட்டிவ். அத வெச்சு வீட்ல கத்திரிக்காய், கருவாடு, முட்டை, தக்காளி எல்லாம் நிறுத்தியாச்சு. வந்தப்போ ரசம் சாதமும் தயிருந்தான் சாப்பாடு. மூணு கிலோ எடை கொறஞ்சிருந்துச்சு, எடை கொறஞ்சதுல கேன்சர் பயம் இன்னும் ஜாஸ்தியாயிருச்சு.

இங்க ஒரு விஷயத்த விளக்கியே ஆகணும். அலர்ஜின்னா எல்லாம் ஒரே ஜாதி இல்ல. எறால் சாப்ட்டா அரை மணி நேரத்துல தடிப்பு தடிப்பா வருதே, உதடு வீங்குதே, அது ஐஜிஈன்னு ஒரு ஆன்டிபாடி பண்ற வேலை, அதுல ஹிஸ்டமின் வெளிய வரும், செட்ரிசின் மாத்திரை போட்டா கேக்கும், ரத்த டெஸ்ட்லயும் தெரியும். தோல்ல பட்டு வர்ற தொடு அலர்ஜி வேற, அத ஆன்டிபாடி பண்றதில்ல, டி செல்னு சொல்ற வெள்ளையணுக்கள் பண்ணுது, நேரம் எடுக்கும், பொருள் பட்டு ஒண்ணுல இருந்து மூணு நாள் கழிச்சுதான் பொங்கும். அந்த ரத்த டெஸ்ட்ல இது தெரியவே தெரியாது. செட்ரிசினும் பெருசா கேக்காது, கொஞ்சம் தூக்கம் வரும் அவ்வளவுதான். கத்திரிக்காய்க்கும் இவங்க அக்குளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அன்னிக்கே எல்லாம் சாப்பிடச் சொல்லிட்டேன், கூட வந்த மாமியாருக்கு அது அவ்வளவா பிடிக்கல.

"ஏழெட்டு மாசமா போட்டப்போ ஒண்ணும் பண்ணலையேங்க, இப்போ எப்படி?" இத எல்லாரும் கேப்பாங்க, இவங்களும் கேட்டாங்க. இந்த அலர்ஜி முதல் நாளே வராது. வாசனைப் பொருள் மாதிரி சின்ன மூலக்கூறு ஒண்ணு தோலுக்குள்ள போய் நம்ம புரதத்தோட ஒட்டிக்கும், தோல்ல இருக்கற லாங்கர்ஹான்ஸ் செல் அத எடுத்துக்கிட்டு பக்கத்து நெறிக்கு போகும், அங்க இருக்கற டி செல்லுக்கு அத காட்டிக்குடுக்கும். அந்த டி செல் பெருகி ஞாபகம் வெச்சுக்க கம்மியா பத்துப் பதினாலு நாளாவது ஆகும், சிலருக்கு வருஷக்கணக்கா போட்ட அப்பறம்கூட திடீர்னு ஆரம்பிக்கும். ஒரு தடவ ஞாபகம் வந்துட்டா அது போகறது ரொம்ப அபூர்வம். ஷேவ் பண்ண தோல்ல கண்ணுக்கு தெரியாத கீறல் இருக்கும், அதுல வேர்வையோட சேந்து போட்டா உள்ள போற அளவு இன்னும் கூடும்.

நெறி ஏன் கட்டுச்சுங்கறதுக்கும் இதுலயே பாதி பதில் இருக்கு. டி செல் பெருகற எடமே அந்த நெறிதான், அங்க வேலை ஜாஸ்தியானா அது வீங்கும். மீதி பாதி, சொறிஞ்ச ரணத்துல கிருமி ஏறினது. இவங்களுக்கு ரெண்டுமே இருந்துச்சு, வலது பக்கம் மஞ்சளா பொருக்கு தட்டியிருந்துச்சு, அந்தக் கைதான் ரொம்ப சொறிபட்டிருந்துச்சு.

இனி பாத்ததுல என்ன கெடச்சுது. நல்லா வெளிச்சத்துல கைய தூக்கி வெக்கச் சொல்லி பாத்தா, நடுக்குழி மொத்தமா சிவந்து தடிச்சு, சுத்தி தோல் மெல்லிசாகி, சிவப்பு கோடுகோடா ரெண்டு மூணு, அது ஸ்டீராய்டு பண்ணது. அக்குள்ல எடம்தான் பெரிய துப்பு. டியோடரண்டால வர்றது நடுக்குழியில, அது படற எடத்துல. துணியோட சாயத்தாலயோ சுருக்கம் விழாம இருக்க அதுல ஏத்தற பிசினாலயோ வந்தா நடுக்குழி அனேகமா சுத்தமா இருக்கும், ஓரத்துல, ஜாக்கெட் உரசற மடிப்புலதான் இருக்கும். ஆனா இவங்களுக்கு ரெண்டு எடத்துலயும் இருந்ததால பாத்த மாத்திரத்துல முடிவு பண்ண முடியல, எது மொதல்ல எது அப்பறம்னு அந்த வாரக்கணக்க வெச்சுத்தான் பிரிச்சேன்: நடுக்குழி மொதல்ல, ஓரம் அந்த ட்யூப் கிரீமுக்கு அப்பறம்.

வேற என்னவெல்லாம் இருக்கலாம்னும் பாத்தாகணும். படையா இருந்தா ஓரம் வளையமா தூக்கி நிக்கும், சொரண்டி மைக்ராஸ்கோப்ல பாத்தோம், பூஞ்சை இல்ல. எரித்ராஸ்மான்னு ஒரு பாக்டீரியா தொல்லை, உட்ஸ் லாம்ப்னு ஒரு புற ஊதா விளக்கு வெளிச்சத்துல பவளச் செகப்பா மின்னும், இவங்களுக்கு மின்னல. அக்குள்ல திரும்பத் திரும்ப வலியோட கட்டி வந்து சீழ் வெச்சு ஓட்டை ஓட்டையா வடு விழற ஹைட்ராடெனைடிஸ் சப்புரட்டிவான்னு ஒரு நோய் இருக்கு, அத நிறைய பேர் வருஷக்கணக்கா சூட்டுக்கட்டின்னே நெனச்சுக்கிட்டு கஷ்டப்படறாங்க, அதுக்கான வடு எதுவும் இல்ல. ஸ்கேபிஸ்ங்கற சிரங்கும் இல்ல, வெரல் இடுக்கு, தொப்புள் சுத்தி எல்லாம் சுத்தம், வீட்லயும் யாருக்கும் அரிப்பு கெடையாது.

நெறிய தொட்டு பாத்தேன். கோலிகுண்டு அளவு, ரப்பர் மாதிரி, தொட்டா வலிக்குது, வெரலுக்கு அடியில நகருது. கழுத்துலயும் தொடை இடுக்குலயும் எதுவும் இல்ல. கல்லு மாதிரி கெட்டியா, வலியே இல்லாம, ஒட்டிப்போய் நகராம இருந்தாத்தான் எனக்கு பயம் அதிகம். ரெண்டு மூணு நெறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, சாயங்காலமா காச்சல் வந்து போனா டிபியும் மனசுல வரணும், நம்ம ஊர்ல அத மறக்கவே கூடாது. தொட்டதுல எனக்கு நம்பிக்கை இருந்துச்சு, ஆனாலும் 43 வயசு, குடும்பத்துல மார்பு கேன்சர், "ஒண்ணும் இல்லம்மா"ன்னு வாயால சொல்லி அனுப்பறது சரியில்ல. பெண் சர்ஜன்கிட்ட அனுப்பி மார்பையும் பாக்கச் சொல்லி, மேமோகிராமும் அக்குள் ஸ்கேனும் எடுத்தோம். மார்பு சுத்தம். நெறி 1.6 சென்டிமீட்டர், நீளவாட்டமா முட்டை வடிவத்துல, நடுவுல இருக்க வேண்டிய கொழுப்புப் பகுதி அப்படியே இருக்கு, வெளிப்பட்டை 3 மில்லிமீட்டருக்குள்ள. இது எதிர்ப்பு வேலை செஞ்சு வீங்கின நெறிக்கான அடையாளம். ஆறு வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேன், அப்பவும் கொறையலன்னா ஊசி போட்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பறதுன்னு அவங்ககிட்ட தெளிவா சொல்லி எழுதியும் குடுத்தேன். ரிப்போர்ட்ட கையில வாங்கினப்போ அழுதுட்டாங்க, அன்னிக்கு ராத்திரிதான் ரொம்ப நாளைக்கு அப்பறம் தூங்கினதா பின்னாடி சொன்னாங்க.

வைத்தியம் மொதல்ல எல்லாத்தையும் நிறுத்தறதுதான். ரோல் ஆன், கிரீம், லோஷன், மஞ்சள், வாசனை சோப்பு, பவுடர் எல்லாம். தண்ணி கசியற வரைக்கும் சலைன்ல நனச்ச மெல்லிசு துணி ஒத்தடம், கிருமிக்கு ஒரு வாரம் மாத்திரை, லூசான காட்டன் சட்டை. ஸ்டீராய்டு விஷயத்துல கவனமா இருக்கணும், அக்குள் தோல் மெல்லிசு, எப்பவும் மூடியே இருக்கற எடம். ஃபெல்ட்மன், மைபாக்னு ரெண்டு பேர் 1967ல அளந்து வெச்சிருக்காங்க, ஹைட்ரோகார்ட்டிசோன்ங்கற ஸ்டீராய்ட முன்னங்கை உள்ள இழுக்கறது 1னா அக்குள் இழுக்கறது 3.6. அப்படிப்பட்ட எடத்துல குளோபெட்டசால வாரக்கணக்கா தேய்ச்சா கோடு விழாம என்ன பண்ணும்? இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்கள 2018லயே டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத லிஸ்ட்ல சேத்தாச்சு, இருந்தும் கேட்ட கையோட கெடைக்குது, இத நெனச்சா எனக்கு உண்மையிலேயே கோவம் வருது, ஏன்னா அந்தக் கோடு போகாது, நோய் போனாலும் அது அங்கயே இருக்கும். இவங்களுக்கு வீரியம் கம்மியான ஸ்டீராய்ட கொஞ்ச நாள் மட்டும் குடுத்துட்டு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் ஆயின்மென்ட்டுக்கு மாத்தினேன், மொத சில நாள் எரியும்னு முன்னாடியே சொல்லிட்டேன், எரிஞ்சுது, தாங்கிக்கிட்டாங்க.

மூணு வாரத்துல தோல் அமந்துச்சு, கறுப்பு மட்டும் நின்னுச்சு. ஆறாவது வாரம் ஸ்கேன்ல நெறி 0.8 சென்டிமீட்டர். ஊசி தேவைப்படல.

இத்தோட நிறுத்தியிருந்தா பாதி கேஸ்தான் முடிஞ்சிருக்கும். எது ஆகலன்னு தெரியாம விட்டா அடுத்த வருஷம் இதே கதை வேற பாட்டில்ல ஆரம்பிக்கும். அதுக்குத்தான் பேட்ச் டெஸ்ட். 1895ல யோசஃப் யாடாஸோன்ங்கற ஜெர்மன் டாக்டர் பாதரச மருந்துல தோல் பொங்கின நோயாளிக்கு அதே மருந்த தோல்ல ஒட்டி வெச்சு பாத்தாரு, இன்னிக்கும் அடிப்படை அதேதான். சின்னச் சின்ன அலுமினிய கிண்ணத்துல ஒவ்வொரு பொருளா வெச்சு மேல் முதுகுல ஒட்டி, 48 மணி நேரம் கழிச்சு எடுத்து பாக்கணும், மறுபடி 96 மணி நேரத்துல பாக்கணும். அந்த நாளெல்லாம் முதுகு நனையக் கூடாது, வேர்க்கவும் கூடாது, நம்ம ஊரு சித்திரை வெயில்ல இது நடக்கற காரியமா, அதனால வெயில் தணியற வரைக்கும் தள்ளி வெச்சோம். இந்தியாவுக்குன்னு தனியா ஒரு பேட்ச் டெஸ்ட் தொகுப்பு இருக்கு, அதுல நம்ம ஊரு பார்த்தீனியம் செடிகூட உண்டு. அதோட இவங்களோட சொந்த ரோல் ஆனையும் ஒட்டினோம்.

48 மணி நேரத்துல ஃப்ராக்ரன்ஸ் மிக்ஸ் 1னு சொல்ற வாசனைப் பொருள் கலவை ஒட்டின எடம் சிவந்து லேசா தடிச்சிருந்துச்சு. 96ல நல்லா பொடிப்பொடியா கொப்புளம், ரெண்டு பிளஸ், அதாவது பலமான பாசிட்டிவ். ரோல் ஆனும் பாசிட்டிவ். நியோமைசின்ல ஒண்ணும் இல்ல. ஆனா எனக்கு அந்த ஓரத்துல பரவின கதை மனச விட்டு போகல, நியோமைசின் லேட்டா காட்டும்னு தெரியும், அதனால ஏழாவது நாள் ஒரு தடவ வரச் சொன்னேன். ஸ்கூல் லீவு போட முடியாதுன்னு சாயங்காலம் பஸ் புடிச்சு வந்தாங்க. நியோமைசின் ஒட்டின எடம் செகப்பா தடிச்சு அரிச்சுக்கிட்டு இருந்துச்சு.

அப்பதான் கணக்கு முழுசா நேராச்சு. மொத அலர்ஜி டியோடரண்ட் வாசனைக்கு, அது நடுக்குழியில. அதுக்கு போட்ட கிரீம்ல இருந்த நியோமைசின் ரெண்டாவது அலர்ஜி, அது கிரீம் தேய்ச்ச ஓரமெல்லாம். அதே ட்யூப்ல இருந்த ஸ்டீராய்டு அந்த ரெண்டையும் சேத்து அமுக்கி வெச்சிருந்துச்சு, அதனாலதான் போட்டா நல்லாருக்கு, நிறுத்தினா பொங்குது. மருந்தே நோயாகி, அந்த நோய அதே மருந்து மறச்சிருக்கு, அவங்களா எப்படி கண்டுபிடிக்க முடியும்?

வாசனைக் கலவைன்னா எட்டுப் பொருள், அதுல பட்டையில இருக்கற சின்னமாலும் கிராம்புல இருக்கற யூஜினாலும் உண்டு. பாட்டில்ல "பெர்ஃப்யூம்" இல்ல "ஃப்ராக்ரன்ஸ்"னு ஒரு வார்த்தைதான் போட்டிருக்கும், உள்ள பல பொருள் இருக்கலாம். "அன்சென்டட்"னு போட்டதயும் நம்ப வேண்டாம்னு சொன்னேன், வேற வாடைய மறைக்க வாசனைப் பொருள் சேத்திருப்பாங்க, "ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ"ன்னு இருக்கணும், பின்னாடி லிஸ்ட்லயும் அந்த வார்த்தை இருக்கக் கூடாது. வேர்வை நாத்தத்துக்கு இப்போ அவங்க வெறும் படிகாரம் நனச்சு தேய்க்கறாங்க, ஷேவ் பண்ண அன்னிக்கு மட்டும் கெடையாது, நல்லா ஒத்துக்கிச்சு.

நடுவுல ஒரு தடவ மறுபடி வந்துச்சு. புதுசா எதுவுமே போடலைன்னு அடிச்சு சொன்னாங்க, நானும் நம்பினேன். துருவி கேட்டதுல, ரெண்டு நாள் முன்னாடி ஒரு கல்யாணம், போட்டது பழைய பட்டு ஜாக்கெட், அக்குள்ல பேடு வெச்சு தெச்சது, பட்டுங்கறதால தண்ணியில தொவைக்காம டிரை கிளீனிங் மட்டும், அதுவும் போன தடவ குடுக்கவே இல்ல. ரோல் ஆன் காலத்துல போட்ட ஜாக்கெட் அது. பேட பிரிச்சு எடுத்துட்டு சுத்தம் பண்ணி போட்டதுல அப்பறம் ஒண்ணும் வரல. அதனால இப்போ யாருக்கு இந்த அலர்ஜி இருந்தாலும் பழைய ஜாக்கெட்டு, சுடிதார், ஸ்வெட் பேடு எல்லாத்தையும் சேத்துத்தான் கேக்கறேன்.

அவங்களுக்கு ஒரு கார்டு எழுதிக் குடுத்திருக்கேன், போன்லயும் போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டாங்க. நியோமைசின் மட்டும் எழுதினா பத்தாது, அதோட சொந்தக்கார மருந்துங்க ஃப்ராமைசெட்டின், ஜென்டாமைசின் ரெண்டும் அதே மாதிரி பண்ணலாம், தீக்காய கிரீம்ல, கண்ணு காது சொட்டு மருந்துல எல்லாம் இதுங்க இருக்கும், அதனால மூணு மருந்தோட பேரும் பெரிய எழுத்துல. போன மாசம் பல்லுக்கு வேர் சிகிச்சைக்கு போறதுக்கு முன்னாடி அந்த கார்ட எடுத்துக்கிட்டு வந்து "இதுல கிராம்பு மாதிரி ஏதோ சொன்னீங்களே, பல் டாக்டர்கிட்ட சொல்லணுங்களா"ன்னு கேட்டாங்க. தற்காலிகமா பல் அடைக்கற சிமெண்ட்ல யூஜினால் உண்டு, எட்டுல எதுன்னு தனித்தனியா டெஸ்ட் பண்ணல நாங்க, அதனால யூஜினால் இல்லாதத போடச் சொல்லி ஒரு லெட்டர் குடுத்தேன். பல் டாக்டர் வேற சிமெண்ட் வெச்சு முடிச்சுட்டாரு, வாய்ல ஒண்ணும் வரல.